இடது பக்கம் ஆள் இருக்கிறது

இருபத்திரண்டு வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவருக்கு ஊரில் வேறு பெயர் மிஞ்சாது. காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் அவர் கண்டக்டரம்மாதான். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பெயர் அவரை விட்டபாடில்லை. அவர் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, குண்டூசியைப் பல்லில் கவ்வியபடியே ஊர்க்கதை பேசுகிறவர். அவரும் மனைவியை "என்ன கண்டக்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

பெயர் ஒட்டிக்கொண்டது போலவே மூன்று பழக்கங்களும் ஒட்டிக்கொண்டன. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அங்கே எத்தனை பேர் என்று அவருடைய கட்டைவிரல் தானாகவே விரல்கணுக்களைத் தொட்டு எண்ணிவிடும். யாரிடம் பேசுகிறோம் என்று முகத்தைப் பார்க்காமலே பேசுவார். மூன்றாவது, காலி இடத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. வங்கியில் வரிசையில் நின்றாலும் முன்னால் நிற்பவரிடம், "கொஞ்சம் உள்ள போங்க, எவ்ளோ இடம் கிடக்கு பாருங்க" என்பார்.

வேலையை விட்ட பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்காமல், ஊர் எல்லையில் இருந்த விலங்குக் காப்பகத்தில் சேர்ந்தார். அது ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனியாக இருந்த கட்டடம். குளிர் வெளியே போகாமல் இருக்க அறைகளின் சுவர்களில் சாண் கனத்துக்குத் தக்கை ஒட்டியிருந்தார்கள். ஐஸ் போய் நாய்களும் கழுதைகளும் வந்த பிறகும் தக்கை அப்படியே இருந்தது. அதனால் உள்ளே பேசினால் குரல் திரும்பி வராது. சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் காதைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். காலையிலிருந்து மாலை வரை ஹாரன் சத்தத்தில் வாழ்ந்த கண்டக்டரம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அடி தின்ற நாய்களையும் உதைக்கிற கழுதைகளையும் அவர் கையை ஓங்காமலே வழிக்குக் கொண்டுவந்தார். கிட்டே போகவேண்டும், அது விறைத்தால் உடனே விலகவேண்டும், மறுபடியும் போகவேண்டும். இவ்வளவுதான் அவருடைய வித்தை.

மழை விட்ட ஒரு காலையில் நகராட்சி வண்டி ஒரு குதிரையை இறக்கிவிட்டுப் போனது. செம்பழுப்பு நிறம், பெட்டை, வயது பதினேழு இருக்கும். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கூடவே வந்த தாளில் நிறம், வயது எல்லாம் எழுதி, 'உரிமையாளர்' என்ற இடத்தில் 'காலமானார்' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. யார், எப்படி என்று எதுவும் இல்லை.

குதிரையின் இடது முன்னங்குளம்பு ஈரத்தில் நாள்கணக்கில் நின்று அழுகிப்போயிருந்தது. பார்க்கப் போன மருத்துவர் தோளில் கடி வாங்கிக்கொண்டு வந்தார். சின்ன வயதுப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"வலது பக்கம் நின்னா சும்மா இருக்குக்கா. இடது பக்கம் காலெடுத்து வெச்சா போதும், பல்லைக் காட்டுது" என்றார் தோளைப் பிடித்துக்கொண்டு.

"ஊசி போட்டுத் தூங்க வெக்க முடியாதா டாக்டர்?"

"இதோட நெஞ்சு இருக்கிற நிலைமைக்குத் தூங்கினா எழுந்திருக்காது. அப்படியே எழுந்தாலும் ஒரு தடவ சுத்தம் பண்ணிட்டு விட்டுட முடியாது. ரெண்டு மாசம் தினமும் காலைத் தூக்கி மருந்துத் தண்ணியில வெக்கணும். தினமும் ஊசி போட முடியுமா?" மருத்துவர் குளம்பைக் காட்டினார். "லாடக்காரர் இன்னும் பதினெட்டு நாள்ல வர்றார். அதுக்குள்ள அது தானா காலைக் குடுக்கணும். குடுக்கலேன்னா எலும்புக்கு ஏறிடும். அப்புறம் வேற ஊசிதான் போடணும். அதுக்கு மேல வெச்சிருக்கிறது பாவம்."

கண்டக்டரம்மா தலையை ஆட்டினார். அன்று குதிரை படுக்கவில்லை. மறுநாளும் படுக்கவில்லை. வைக்கோல் மெத்தைபோல் கிடந்தும் நின்றுகொண்டே இருந்தது. "நம்ம பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்னுக்கிட்டே வருவாங்களே, அந்த ஆளு இது" என்று சொல்லி அதற்கு ஸ்டாண்டிங் என்று பெயர் வைத்தார்.

முதல் நான்கு நாள் அவர் குதிரையைத் தொடவே இல்லை. வலது பக்க மூலையில் ஸ்டூலைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய வழித்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி. மார்க்கெட். தண்ணித் தொட்டி. பெண்கள் பள்ளிக்கூடம். மர டிப்போ. பாலம்." கடைசி நிறுத்தம் வந்ததும் திரும்பி, பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவார். ஐந்தாம் நாள் மர டிப்போவுக்கும் பாலத்துக்கும் நடுவில் அவர் பிடரியில் சூடான மூச்சு பட்டது. அவர் திரும்பவில்லை. அடுத்த நிறுத்தத்தைச் சொன்னார்.

அன்றுதான் காதுகளையும் கவனித்தார். அவர் பேசும்போது குதிரையின் வலது காது அவர் பக்கம் திரும்பியிருந்தது. இடது காது எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. குதிரைகள் இரண்டு காதையும் இரண்டு பக்கம் வைத்துக்கொள்ளும்தான், அவருக்கும் தெரியும். ஆனால் இந்த இடது காது சும்மா திரும்பி நிற்கவில்லை. அவர் நிறுத்தத்தைச் சொல்லி முடித்ததும் லேசாக ஆடியது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதில் சொல்வதைக் கேட்பதுபோல.

கூட்டிப் பெருக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. வைக்கோல் எல்லா இடத்திலும் மிதிபட்டுக் கிடந்தது, குதிரையின் இடது தோள் பக்கம் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு மிதிபடாமல் கிடந்தது. குதிரை அங்கே சாணம் போடவில்லை, காலும் வைக்கவில்லை. பெருக்கி முடித்து நிமிர்ந்தபோது தன் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அது இரண்டாவது கணுவில் நின்றது. அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். விலங்குகளை அவர் எண்ணுவதில்லை.

கையை உதறிவிட்டு மறுபடியும் எண்ணினார். விரல் மறுபடியும் இரண்டாவது கணுவுக்கே போயிற்று.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷத்துல செக்கிங் ஆபீசர் ஒருத்தர்கூட என் கணக்குல ஒரு தலை அதிகம், ஒரு தலை குறைச்சல்னு சொன்னதில்ல" என்றார்.

"வயசானா விரலும் கொழுப்பெடுத்துச் சுத்தும். விட்டுத் தள்ளு" என்றார் தையல்காரர். "அந்த ரெண்டாவது ஆளு டிக்கெட் வாங்கிட்டாரா, அதச் சொல்லு மொதல்ல."

எட்டாம் நாள் குதிரை தலைக்கயிறு போட இசைந்தது. வலது பக்கமாகவே நின்று கயிற்றைப் பிடித்து முற்றத்துக்கு நடத்தினார். நொண்டியபடி வந்தது. வாசலில் ஒரு கல் படி உண்டு. அதன் முன்னால் வந்ததும் நின்று, வலது குளம்பால் இரண்டு தட்டு தட்டியது. டக், டக். பிறகு நகரவில்லை. கண்டக்டரம்மா கயிற்றை இழுக்கவில்லை, காத்திருந்தார். ஒரு ஆள் படியில் ஏறி இறங்குகிற நேரம் கழிந்தது. பிறகு குதிரை நடந்தது. அதுவும் வாசலின் வலது நிலையை உரசிக்கொண்டே போயிற்று. இடது பக்கம் ஒரு ஆள் தாராளமாகப் போகிற இடம் இருந்தது. கண்டக்டரம்மாவின் தோள்தான் நிலையில் சிராய்த்தது.

தினமும் அதேதான். தட்டும், நிற்கும், உரசும். வெயில் சுள்ளென்று அடிக்கிற பகல் பதினொரு மணிக்கு, அந்தப் படியருகே நிற்கும்போது அவருக்குக் கை மயிர் சிலிர்த்தது.

பத்தாம் நாளிலிருந்து தேய்ப்பு பிரஷ் போட்டார். வலது பக்கம் முழுவதும் தேய்க்க விட்டது. கண்ணைக்கூட மூடிக்கொண்டது. கழுத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது இடது கழுத்தில், பிடரிமயிருக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லாமல் பளபளவென்று ஒரு இடம் தெரிந்தது.

"கயிறு உரசியிருக்கும். ஆறு வாரத்துல முளைச்சிடும்" என்றார் மருத்துவர்.

பதினான்காம் நாள்தான் கண்டக்டரம்மா தப்பு செய்தார். அது கண்டக்டர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நான்கு நாள்தான் மீதி இருந்தது. வலது பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது, இடது பக்கம்தான் பாக்கி. அந்த இடமோ காலியாகக் கிடக்கிறது. காலி இடத்தில் ஆளை அடைத்தே பழகியவர், பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு குதிரையின் கழுத்துக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டார்.

குதிரை கடிக்கவில்லை. உதைக்கவும் இல்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. தலையை அவர் மார்பில் வைத்து மெல்ல, ஆனால் விடாமல், சுவர்வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிற்று. தூங்குகிற ஆளை யாராவது மிதிக்கப்போனால் நாம் எப்படித் தள்ளுவோமோ அப்படி. தக்கைச் சுவரில் முதுகு அழுந்தி நின்றபோது அவர் மூச்சை அடக்கினார். குதிரையின் மூச்சு கேட்டது. அது நின்று இழுக்கிற இடைவெளியில் இன்னொரு மூச்சும் கேட்டது. வயதான, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. சத்தம் திரும்பாத அறை அது.

அதன்பின் இரண்டு நாள் குதிரை அவரை வலது பக்கத்திலும் அண்டவிடவில்லை.

பதினாறாம் நாள் சாயங்காலம் அவர் முன்னறையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். தையல்காரர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேங்க. நாளான்னிக்கு அந்த டாக்டர் பொண்ணு ஊசியோட வந்து நிக்கும். என்னால ஒரு காலத் தூக்க வெக்க முடியல."

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தார். அப்படி வைத்தால் விஷயமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"ஒண்ணு கேக்குறேன். பஸ்ல கர்சீப் போட்டு வெச்ச சீட்டு இருக்கு. ஆளக் காணோம். நீ என்ன பண்ணுவ?"

"கர்சீப்ப எடுத்துட்டு நிக்கிறவங்கள உக்கார வெப்பேன்."

"அதான் தப்பு. எத்தன பேர்கிட்ட திட்டு வாங்கியிருக்க. அந்தக் குதிரை இடம் போட்டு வெச்சிருக்கு. ஆள் இருக்கோ இல்லையோ, அதுக்கு இருக்கு. நீ போய் அவர் மடியில உக்காந்த மாதிரி ஆயிடுச்சு."

"சும்மா இருங்க" என்றார் கண்டக்டரம்மா.

பதினேழாம் நாள் மறுபடியும் ஸ்டூலில், முதுகைக் காட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பித்தார். மதியத்துக்கு மேல் பிடரியில் மூச்சு பட்டது.

பதினெட்டாம் நாள் காலை லாடக்காரர் தன் தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தார். மருத்துவர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வாசல் படியில் வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கண்டக்டரம்மா வலது பக்கம் நின்று கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டார். லாடக்காரர் இடது பக்கம் நான்கடி தள்ளி நின்று, கொக்கிக் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஓரடி எடுத்து வைத்தார். குதிரை விறைத்தது. பின்வாங்கினார். மறுபடியும் வைத்தார். மறுபடியும் விறைத்தது. இப்படியே அரைமணி நேரம் போயிற்று. மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"கண்டக்டரம்மா, இது குடுக்காது" என்றார் லாடக்காரர். "எனக்கு மூணு பசங்க. உதை வாங்குற வயசு தாண்டிடுச்சு."

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்றார் அவர்.

லாடக்காரர் பெருமூச்சு விட்டுக் குனிந்தார். கண்டக்டரம்மா நிறுத்தங்களைச் சொல்லத் தொடங்கினார். பெண்கள் பள்ளிக்கூடம் வந்தது. அந்த நிறுத்தத்தில்தான் எப்போதும் நெரிசல். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இருபத்திரண்டு வருடமாக அங்கே சொல்லி வந்த வார்த்தை, யார் முகத்தையும் பார்க்காமல், தானாகவே வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க. வழி விடுங்க."

லாடக்காரர் தன்னைத்தான் சொல்வதாக நினைத்துச் சட்டென்று ஓரடி பின்னால் போனார்.

ஆனால் நகர்ந்தது அவர் மட்டுமல்ல. கழுத்தில் முடி இல்லாத அந்த இடத்தில் குதிரையின் தோல் லேசாகக் குழிந்தது. குழிவு தோளுக்கு வந்தது, முதுகோரமாக மெதுவாகப் போயிற்று, விலாவைக் கடந்து இடுப்பில் போய் நின்றது. ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்கிற சிலிர்ப்பு இல்லை அது. முடி படிந்து படிந்து எழுந்தது. இடது காது முன்னாலிருந்து மெல்லப் பின்னால் திரும்பி, இடுப்புப் பக்கம் பார்த்து நின்றது.

குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு, யாரும் தொடாமலே, இடது முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது.

லாடக்காரர் குளம்பைத் தன் தொடைகளுக்கு நடுவில் வாங்கிக்கொண்டு கத்தியைப் போட்டார். கறுப்பாக, நாற்றமடிக்கிற சதை சுருள் சுருளாக விழுந்தது. அடியில் வெளிர் நிறக் குளம்பு தெரிந்தபோது மருத்துவர் குனிந்து பார்த்து, "எலும்புக்கு ஏறல" என்றார். பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

கைகழுவும்போது லாடக்காரர் மெதுவாகக் கேட்டார். "பின்னாடி போங்கன்னு என்னையா சொன்னீங்க?"

"இல்லண்ணே. பழக்கதோஷம்."

"அப்ப சரி" என்றவர் கையைத் துடைக்காமலே கிளம்பிவிட்டார்.

அதிலிருந்து தினமும் காலை மருந்துத் தண்ணீர் வாளியோடு போய், அதே வார்த்தையைச் சொல்வார். குழிவு கழுத்திலிருந்து இடுப்புக்குப் போகும். கால் வரும். சொல்லாமல் ஒருநாள் முயன்று பார்த்தார். கால் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண்மணி காப்பகத்தைத் தேடிக்கொண்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெகுதூரம் பயணம் செய்த களைப்பு முகத்தில் இருந்தது. குதிரையை வளர்த்தவரின் அக்கா என்று சொன்னார்.

"என் தம்பிக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க" என்றார் ஸ்டூலில் உட்கார்ந்து. "சலவை மூட்டை கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. மூட்டைய இது சுமக்கும். அவன் இடது பக்கம் கழுத்துல கைய வெச்சுக்கிட்டே நடப்பான். படி வந்தா இது ரெண்டு தட்டு தட்டி நிக்கும், அவன் தாண்டினப்புறம்தான் நகரும். போன மழையில கொட்டகைக்குள்ளயே போய்ச் சேந்துட்டான். ஒன்பது நாள் கழிச்சுத்தான் பக்கத்துல இருந்தவங்க கதவ உடைச்சிருக்காங்க. தண்ணி கட்டி நின்ன தரையில இது அவன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சாம். ஒரு குளம்புகூட அவன் மேல படல."

கண்டக்டரம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் காலைத் தூக்கி மருந்து போடுவதையும் சொன்னார்.

"கால எப்படிக் குடுத்துச்சு உங்ககிட்ட?" என்று கேட்டார் அக்கா. "யாருக்கும் குடுக்காதே. லாடம் அடிக்க ஆள் வந்தா, என் தம்பிகிட்ட பின்னாடி போங்கன்னு சொல்லணும். அவன் கைய எடுக்க மாட்டான். எடுத்தா இது எங்க நிக்குதுன்னு தெரியாதே. கழுத்துல இருந்து முதுகு வழியா தடவிக்கிட்டே போய் இடுப்புல கைய வெச்சு நிப்பான். கை இடுப்புக்கு வந்தாத்தான் இது காலத் தூக்கும். இத உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றார் கண்டக்டரம்மா.

அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்துபோய்க் குதிரையின் இடது பக்கம் நான்கடி தள்ளியே நின்றார். கிட்டே போகவில்லை. குதிரை பல்லைக் காட்டவும் இல்லை.

"கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"எங்கிட்ட ஏதுங்க இடம். ஒரே அறை. ரெண்டு பேரையும் எங்க வெச்சுக்கிறது" என்றார் அக்கா, வெகு சாதாரணமாக.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. குளம்பு நன்றாக வளர்ந்துவிட்டது, நொண்டல் நின்றுவிட்டது. ஸ்டாண்டிங் இப்போது படுத்துத் தூங்குகிறது, வலது பக்கமாகச் சாய்ந்து. கழுத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

தினமும் பதினொரு மணிக்குக் கண்டக்டரம்மா குதிரையை முற்றத்துக்கு நடத்திப் போகிறார். படியருகே அது இரண்டு தட்டு தட்டி நிற்கும். அவரும் நிற்பார். தையல்காரர் ஒருநாள் அலமாரியைக் குடைந்து பழைய விசிலைத் தேடி எடுத்து, துருவைத் தேய்த்துக் கொடுத்திருந்தார். ஆள் முழுக்க ஏறுமுன் விசில் கொடுக்கக்கூடாது என்பது பேருந்தில் சட்டம். கண்டக்டரம்மா கட்டைவிரலை முதல் கணுவில் வைத்து, இரண்டாவது கணுவுக்கு நகர்த்தி, ஒரு ஆள் படியைத் தாண்டுகிற நேரம் பொறுப்பார். அப்புறம்தான் மெதுவாக இரண்டு விசில் கொடுப்பார்.